அறுபத்தொரு தாள்களில் எழுதப்படாத உவர்மண்

2008 நவம்பரில் ஓர் ஆய்விதழ் தன் பழைய கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அறிவிப்பு ஏழு வரிகள் கொண்டது. அதன் ஐந்தாம் வரி இது: "விலங்குகளைப் பிடிக்கும் உதவியாளர் ஒருவர், தலைமை ஆய்வாளர் அறியாவண்ணம், அவற்றுக்குத் தீனி கொடுத்து வந்துள்ளார்."

அந்த உதவியாளருக்கு அறிவிப்பில் பெயர் இல்லை. அவர் இலாரியோன் தர்க்கி. பொலிவியாவில், திதிகாக்கா ஏரியின் கிழக்குக் கரையில் சிக்கிபாத்தா என்ற ஊரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, சென்ற ஆண்டு ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். அந்த ஒரு வரியில் மூன்று பிழைகள் உள்ளன. அவர் கொடுத்தது தீனி அன்று. தலைமை ஆய்வாளர் அறியாமல் அது நடக்கவில்லை. அதைப் பதிவு செய்யாமல் விட்ட பிழை அவருடையதும் அன்று. முதல் இரண்டையும் என்னிடமுள்ள தாள்களைக் கொண்டு நிறுவ முடியும். மூன்றாவதை நிறுவ என் தாள்களுக்கு எதிராகவே நான் சாட்சி சொல்ல வேண்டும்.

நான் பெத்ரோனா லிமாச்சி. ஏரிக்கரையில் இருந்த ஆய்வு நிலையத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுபவளாகச் சேர்ந்தேன். இயந்திரங்களோடு வந்த கையேடுகளை அகராதி வைத்துப் படித்துப் படித்து, ஆறு ஆண்டுகளில் பரிசோதனையும் பதிவேடும் பார்ப்பவளானேன். சேர்ந்த முதல் ஆண்டில், நான் தொலைக்காத ஒரு தாளைத் தொலைத்தேன் என்று பழி வந்தது. அன்று முதல் எதை எழுதினாலும் அடியில் கார்பன் தாள் வைத்தே எழுதுவேன். மேல்தாள் நிலையத்துக்கு, நகல் என் வீட்டுப் பெட்டிக்கு. இலாரியோன் என் மகளின் முதல் முடியை இறக்கியபோது கத்தரி பிடித்த ஞானத்தந்தை. ஆகவே எனக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு நான் கொமாத்ரே. உறவுக்காக எழுதுகிறேன் என்று எவரும் சொல்லலாம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் எவாரிஸ்தோ அஸ்கர்ரூன்ஸ் 2003ஆம் ஆண்டு ஜூலை மாத உறைபனியில் எங்கள் நிலையத்துக்குத் தலைவராக வந்தார். அவர் தேடியது ரத்தத்தில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு. மூச்சுக் காற்று மெலிந்த உயரத்தில் ரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்தி வழிவிடும் வாயு அது. எங்கள் ஏரி கடல்மட்டத்துக்கு மேல் நான்காயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இங்கே பிறந்து வாழும் முதுகெலும்புள்ள உயிர்களில், மீன், தவளை, பல்லி, பறவை, பாலூட்டி என்ற ஐந்து வகையிலும், எதன் ரத்தத்தில் அது எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். அந்த வாயுவை நேரே பிடிக்க முடியாது. பிறந்த கணமே மறைந்துவிடும். அது விட்டுச்செல்லும் சுவடுகளான நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும்தான் அளக்கலாம். ரத்தத்தைச் சுழற்றித் தெளிவைப் பிரித்து, மருந்தை ஊற்றினால் இளஞ்சிவப்பாகும். சுவடு மிகுந்தால் நிறம் மிகும்.

இதில் ஓர் இடர் உண்டு. தின்ற கீரையும் குடித்த நீரும் அதே சுவட்டை ரத்தத்தில் பதிக்கும். ஆகவே ரத்தம் எடுப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரம் விலங்கு எதையும் தின்னக் கூடாது. தாளில் அதற்கென இரண்டு கட்டங்கள் இருந்தன. "பட்டினி: ஆம், இல்லை." "கொடுத்த தீனி."

அந்த ஐந்து வகை உயிரின் ரத்தத்தையும் எடுத்த கை ஒன்றே. இலாரியோனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மந்தை மேய்த்தவர், மீன் பிடித்தவர். வயிறு ஊதிய விலங்குக்கு ரத்தம் இறக்குவதை ஊரில் அவரிடமே கேட்பார்கள். ஏரி மீனுக்கு வாலடியில், வாத்துக்கு இறக்கையின் உட்புறத்தில், ஏரியடியில் வாழும் மடிப்புத் தோல் தவளைக்கு வயிற்றின் நடுக்கோட்டில் என்று அவர் ஊசி வைக்கும் இடம் ஒரு முறையும் தவறியதில்லை. எங்கள் மலைநாட்டுச் சுமைவிலங்கான லாமாவின் கழுத்துத் தோல் செருப்புத் தோலைப் போன்றது. பட்டணத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர் நான்கு முறை குத்தியும் கிடைக்காத நாளத்தை, இவர் கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்தார்.

கரையில் துணி துவைக்கும் பெண்கள் அவரை விடமாட்டார்கள்.

"என்ன இலாரியோன், இன்னிக்கு யாரு ரத்தம்?"

"முதுகெலும்பு இருக்கிற ஜீவனாப் பார்த்துக் கொண்டான்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதனாலதான் உன் வீட்டுக்காரர் பேரை நான் குடுக்கல."

"நீ குடுத்தாலும் அந்த மனுஷன் எழுந்திரிச்சு வரணுமே!"

சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் அச்சம் இருந்தது. தூங்குகிறவனின் கொழுப்பையும் ரத்தத்தையும் அவனறியாமல் எடுத்துச் செல்லும் கரிசிரியைப் பற்றி எங்கள் கரையில் அறியாதவர் இல்லை. நிலையம் வந்த முதல் ஆண்டில் அதன் சன்னலில் கல் விழுந்தது. கரிசிரி யார் என்று கேட்டால், கேட்காமல் எடுப்பவன், கொடுக்காமல் எடுப்பவன் என்பார்கள். இலாரியோன் வந்த பிறகு கல் விழவில்லை, ஊரார் தங்கள் லாமாக்களையும் அனுப்பினார்கள். அதற்குக் காரணம் உண்டு.

காட்டுயிருக்கு எடுத்த பின் கொடுப்பது முறை. தவளையையும் மீனையும் பிடித்த இடத்திலேயே விட்டு, நீரில் ஒரு கோக்கா இலையை மிதக்க விடுவார். வாத்துக்கும் பல்லிக்கும் விடுவிக்கும்போது ஒரு பிடி கினோவா தானியம். கினிப்பன்றிக்கு ஒன்றுமில்லை. அடுப்படியில் வளர்ந்து அடுப்புக்கே போகும் பிராணி அது. ஆனால் லாமா மந்தையைச் சேர்ந்தது, பெயர் உள்ளது, அதனிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். முந்தைய நாள் அந்தியில், பட்டியில் தனியாகக் கட்டிய பின், இலாரியோன் அதன் முன் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுவார். உள்ளங்கையில் வடகரைச் சரிவில் வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும் உவர்மண் ஒரு கட்டி.

"நாளைக்குக் காலையில உன்கிட்ட கொஞ்சம் ரத்தம் கேட்பேன், ராணி. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் திருடிட்டான்னு பேசக் கூடாது."

நக்கினால் சம்மதம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்படித் திரும்பிப் போனவை பதினான்கு.

ஒரு நாள் அந்தியில் டாக்டர் அங்கே வந்தார். தேதி 2004 ஜூன் 14. கழுத்தில் கேமரா தொங்கியது.

"என்னப்பா இலாரியோன், லாமாகிட்ட கையெழுத்து வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் டாக்டர். ஈரம் இன்னும் காயல, பாருங்க" என்று உள்ளங்கையைக் காட்டினார்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். படம் எடுத்தார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் இருவருக்கும் அந்தப் படத்தின் பிரதி ஒவ்வொன்று தந்தார். பின்புறம் அவர் கையெழுத்திலேயே, "இலாரியோன் தன் ராணிக்கு உப்பு ஊட்டுகிறார்" என்ற வரியும் தேதியும் உள்ளன. என் பிரதி இப்போது இதை எழுதும் மேசையில் இருக்கிறது.

மறுநாள் காலையில் நான் ரத்தக் குழாயை வாங்கித் தாள் எழுதினேன். பட்டினி: ஆம். கொடுத்த தீனி: இல்லை. அறுபத்தொரு லாமாக்களுக்கு அறுபத்தொரு தாள்கள். நான் பொய் எழுதவில்லை. தேவாலயத்தில் ஏற்றிய மெழுகுவர்த்தியை எவரும் அடுப்பு விறகில் சேர்த்து எண்ணுவதில்லை. கேட்டுக் கொடுத்தது எங்களில் எவருக்கும் தீனி அன்று. நான் அந்தக் கரையில் பிறந்தவள். அந்த உள்ளங்கையை நூறு முறை பார்த்திருக்கிறேன். பார்த்ததாலேயே அது என் கண்ணில் படவில்லை.

முடிவுகள் வந்தன. மீனுக்குச் சராசரி பதினெட்டு, தவளைக்கு இருபத்தொன்று, பல்லிக்கு இருபது, வாத்துக்கு முப்பது, கினிப்பன்றிக்கு முப்பத்து நான்கு. லாமாவுக்கு நூற்றுப் பன்னிரண்டு. குழாயில் மற்றவை வெளிறிய ரோஜா நிறத்தில் நின்றபோது லாமாவின் குழாய் பீட்ரூட் சாறு போலிருந்தது. இயந்திரக் கோளாறோ என்று நான் மூன்று முறை திரும்ப அளந்தேன். "ஆய்வாளர் கவனத்துக்கு: மதிப்பு மிக அதிகம், காரணம் தெரியவில்லை" என்று எழுதி, 2005 மார்ச் 3 அன்று டாக்டரிடம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் வாங்கினேன்.

"காரணம் உனக்குத் தெரியாது பெத்ரோனா. எனக்குத் தெரியும். பத்தாயிரம் வருஷமா இந்த மலையில மூச்சு விட்ட பிராணி அது" என்றார்.

கட்டுரை 2006இல் வெளிவந்தது. அவர் மூன்று நாடுகளுக்குப் பேச அழைக்கப்பட்டார். கட்டுரையின் முடிவில் "நிலைய ஊழியர்களுக்கு நன்றி" என்று இருந்தது. இலாரியோன் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்து, "இதுல நான் எந்த எழுத்து, கொமாத்ரே?" என்று கேட்டார்.

2008 தொடக்கத்தில் வேறு இரண்டு நாடுகளின் ஆய்வாளர்கள் தத்தம் லாமாக்களை அளந்தார்கள். ஒன்று எங்களைப் போன்றே உயரமான மேட்டுநிலம். இரண்டு இடங்களிலும் லாமாவின் மதிப்பு முப்பத்து ஐந்தைத் தாண்டவில்லை. எண்கள் புனையப்பட்டவையா என்று ஆய்விதழ் கேட்டது. பல்கலைக்கழகம் மூவர் குழு அமைத்தது.

ஏப்ரல் 9 அன்று டாக்டர் இலாரியோனைத் தம் அறைக்கு அழைத்தார். தாள் எழுதுபவள் என்பதால் நானும் உடனிருந்தேன். மேசையில் தட்டச்சு செய்த ஒரு பக்கம் இருந்தது. ரத்தம் எடுத்த நாள்களில் தான் குடித்திருந்ததாகவும், குழாய்களை மாற்றி வைத்துவிட்டதாகவும், டாக்டருக்கு இது தெரியாது என்றும் இலாரியோன் சொல்வதாக அதில் எழுதியிருந்தது.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு இலாரியோன். விஷயம் இங்கேயே முடிஞ்சுடும். போலீஸ் வராது, விசாரணை வராது."

இலாரியோன் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். கால் மணி நேரம் ஆனது.

"டாக்டர், நான் திருவிழாவுக்குக் குடிப்பேன். ஊசி எடுக்கிற அன்னிக்குக் குடிச்சதில்ல. குடிச்ச கைக்கு லாமா கழுத்து கிடைக்காது."

"அட, அது எனக்குத் தெரியாதா? இது வெறும் காகிதம்தானேப்பா."

"உங்களுக்குக் காகிதம். எங்க ஊருல வர்ற ஜனவரியில கோல் என் கைக்கு வருது."

ஊர்க்கோல் எங்கள் கரையில் வீடு வீடாக முறை வந்து சேர்வது. ஓராண்டு அதைச் சுமப்பவர்தான் ஊருக்கு வழக்குத் தீர்ப்பவர், வயல் பிரிப்பவர், விதைப்புக்கு நாள் குறிப்பவர். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு வீட்டுக்கு வரும். அவருடைய தந்தை தம் முறை வருமுன்னே இறந்துபோனவர். குடித்து ஏமாற்றினேன் என்று எழுதிக்கொடுத்த கை கோலைத் தொட முடியாது. இலாரியோன் பயந்தது வேலைக்கும் போலீசுக்கும் அன்று, அந்தக் கோலுக்கு.

"முந்தின நாள் சாயங்காலமே கேட்டு, ராத்திரி முழுக்க லாமாவை யோசிக்க விடுவோம்ல டாக்டர். எனக்கும் கொஞ்சம் நாள் விடுங்க."

"யோசிச்சு?"

"முகத்தைத் திருப்பின லாமாவை நான் ஒரு நாளும் இழுத்துக்கிட்டு வந்ததில்ல. நீங்களும் இழுக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்."

டாக்டர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். அந்தப் பக்கத்தின் நகலை நான் கேட்டேன், மறுத்தார். அன்று பிற்பகலே நினைவிலிருந்து எழுதி, தேதியிட்டு, இலாரியோனிடம் படித்துக்காட்டிச் சரிபார்த்து வைத்தேன்.

பிறகு என் நகல்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழாய்க்கு எண் ஒட்டுவது ரத்தம் எடுக்கும் முன்னர். லாமாவின் காதில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்று. இரண்டையும் நானே ஒப்பிட்டுக் குறி இட்டிருக்கிறேன். குழாய் மாற வழியே இல்லை. அப்படியானால் நிறம் உண்மையானது, லாமாவின் ரத்தத்திலேயே இருந்தது. மூன்று நாள்கள் எனக்குப் பிடிபடவில்லை. நான்காம் நாள், வீட்டில் இறைச்சிக்கு உப்புக்கண்டம் போட்டுக்கொண்டிருந்தேன். வடகரை உவர்மண்ணைச் சிறிது சேர்த்தால் கண்டம் சிவப்பு மாறாமலிருக்கும் என்று என் மாமியார் செய்ததையே நானும் செய்கிறேன். கை பாதியில் நின்றது. இறைச்சியைச் சிவப்பாக நிறுத்துவது வெடியுப்பு. வெடியுப்பு என்பது நைட்ரேட். அது என் கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. லாமாவின் முன்வயிற்றில் ஓர் இரவு கிடந்தால் அது நைட்ரைட்டாகி ரத்தத்தில் சேரும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது.

கையைக் கழுவிக்கொண்டு இலாரியோன் வீட்டுக்குப் போனேன். அவர் வலையைச் சீராக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். பிடித்திருந்த வலை முடிச்சை இறுக்கி முடித்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ என் கைதானா?"

"உங்க கை பாதி. தாள்ல 'இல்லை'ன்னு எழுதினது என் கை, கொம்பாத்ரே."

"நீ பார்த்துக்கிட்டுத்தானே நின்ன?"

"பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"அது தீனின்னு எனக்குத் தோணவே இல்ல."

"தீனியா அது? ச்சே" என்றார். பின்பு, "இப்பச் சொன்னா நம்புவாங்களா?" என்று கேட்டார்.

சொல்லை நம்பமாட்டார்கள் என்றும் நிறத்தைத்தான் நம்புவார்கள் என்றும் சொன்னேன். ஆறு லாமாக்கள் வேண்டும். மூன்றுக்கு வழக்கம்போல மண் கொடுக்க வேண்டும். மூன்றுக்கு ஒன்றும் கொடுக்காமல் எடுக்க வேண்டும்.

இலாரியோன் வலையைக் கீழே வைத்தார். "குடுக்காமலா?"

"குடுக்காம."

"அப்படி எடுக்கிறவனுக்கு நம்ம ஊருல என்ன பேருன்னு உனக்குத் தெரியும்ல, கொமாத்ரே?"

எனக்குத் தெரியும். அவர் பெயரை மீட்க கரிசிரி என்ற பெயரை அவர் ஓர் இரவு சுமந்தாக வேண்டும். வற்புறுத்தாமல் நான் திரும்பி வந்துவிட்டேன். நான்கு நாள்களுக்குப் பின் அவரே வந்து, தம் சொந்த மந்தையிலிருந்து மட்டும் எடுப்பதாகச் சொன்னார். பிறருடைய விலங்குக்கு அந்தப் பழி வேண்டாம் என்றார்.

மே 2 அந்தி. முதல் மூன்று லாமாக்களும் மண்ணை நக்கின. அடுத்ததன் முன் இலாரியோன் குந்தினார். கையை ஏரி நீரில் கழுவித் துடைத்திருந்தார். வெறும் உள்ளங்கையை நீட்டினார்.

"இன்னிக்குக் கையில ஒண்ணும் இல்லை. இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு உன் ரத்தம் வேணும். உனக்காகக் கேட்கல, டாக்டருக்காகவும் கேட்கல, எனக்காகக் கேட்கிறேன்."

லாமா மோந்து பார்த்தது. காதுகளை முன்னே நிமிர்த்திக்கொண்டு நின்றது. அவர் கையை இழுக்கவில்லை. முழங்காலை உறைபனி தொட்டும் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து அது உள்ளங்கையில் ஒரு முறை நாக்கை வைத்தது. இரண்டாவது வந்தவுடனேயே முகத்தைத் திருப்பியது, அவிழ்த்து விட்டார். வேறொன்றைக் கொண்டுவந்தார். அது வைத்தது. கடைசியும் வைத்தது. அதற்குள் நட்சத்திரங்கள் வந்துவிட்டன. நான் தாளில் அளவுகோல் வைத்து ஒரு புதிய கட்டம் வரைந்து, "வெறும் கை. நக்கியது" என்று மூன்று இடங்களில் எழுதினேன்.

காலையில் ஆறு குழாய்கள். மூன்று பீட்ரூட் சாறு. மூன்று வெளிறிய ரோஜா. முப்பத்து மூன்று, முப்பது, முப்பத்தாறு. இலாரியோன் இரண்டு கூட்டத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா டாக்டர் அளந்தது லாமாவை இல்லை, கொமாத்ரே. நான் நீட்டின கையைத்தான் அளந்திருக்காரு."

மே 20 அன்று லா பாஸ் நகரில் குழுவின் முன் நின்றோம். டாக்டரின் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுப்பதாக இலாரியோன் முதலில் சொன்னார். பிறகு உவர்மண்ணைப் பற்றி ஒன்றும் விடாமல் சொன்னார். நான் அறுபத்தொரு நகல்களையும், புதிய ஆறையும், 2005 மார்ச் 3இன் கடிதத்தையும், படத்தையும் மேசையில் அடுக்கினேன். "கொடுத்த தீனி: இல்லை" என்று எழுதியவள் நான் என்றும் சொன்னேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?" என்று குழுத்தலைவர் இலாரியோனைக் கேட்டார்.

"டாக்டர் கேட்டாரே ஐயா, கையெழுத்து வாங்கிட்டியான்னு. வாங்கிட்டேன்னேன். சிரிச்சாரு."

டாக்டர் அஸ்கர்ரூன்ஸ் தமக்கு நினைவில்லை என்றார். படத்தைத் திருப்பி அவருடைய கையெழுத்தைக் காட்டினேன். குழுத்தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "இது நட்புக்காக எடுத்த படம் அம்மா, ஆவணம் இல்லை" என்று என் பக்கம் தள்ளி வைத்தார்.

முடிவு ஆகஸ்டில் வந்தது. புனைவு இல்லை, மோசடி இல்லை. உதவியாளர் மறைவாகக் கொடுத்த தீனியால் நேர்ந்த பிழை. எங்கள் இருவருக்கும் வேலை நீக்கக் கடிதம் இரண்டிரண்டு வரிகள். "மறைவாக" என்ற சொல்லை நீக்கக் கோரி நான்கு முறை எழுதினேன். நான்குக்கும் பெற்றுக்கொண்ட முத்திரை இருக்கிறது, பதில் இல்லை.

2009 ஜனவரி முதல் நாள் சிக்கிபாத்தா ஊர்க்கூட்டம் ஏரியோரப் புல்வெளியில் கூடியது. கோலை இறக்கி வைப்பவர் வழக்கப்படி, அதை ஏற்கப்போகிறவரைப் பற்றி யாருக்கேனும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இலாரியோனின் வயல் அண்டையாரான புருதென்சியோ எழுந்தார். பதினைந்து ஆண்டு வரப்புத் தகராறு அவர்களுக்குள்.

"பட்டணத்துல இவனைத் துரத்தி விட்டிருக்காங்க. ஏன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா?"

இலாரியோன் தொப்பியைக் கழற்றினார். "ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னால லாமாவுக்கு உவர்மண் குடுத்தேன். அதனால அவங்க பார்த்த அளவு தப்பாப் போச்சு. அந்தத் தப்பு நடந்தது நிஜம். என் கையாலதான் நடந்தது. ஏமாத்தினேன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. குடுக்கல. அப்புறம், அதை நிரூபிக்க என் மந்தையில மூணுகிட்ட வெறும் கையோட ரத்தம் எடுத்தேன். அதையும் சொல்லிடணும்."

துணி துவைக்கும் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "குடுத்ததுக்கா துரத்தினாங்க?"

"குடுத்ததை எழுதாததுக்கு" என்று நான் சொன்னேன். எழுந்து நின்று மேலும் சொன்னேன். "எழுத வேண்டியது நான்."

புருதென்சியோ என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெறும் கையை நக்குச்சா, இல்ல இழுத்துக் கட்டினியா?"

"மூணு நக்குச்சு. ஒண்ணு திரும்பிக்கிச்சு, விட்டுட்டேன்."

"வரப்பை நகர்த்தினவன்டா நீ" என்றார் புருதென்சியோ. "அது வேற கணக்கு. அதை நீயே கோலோட வந்து அளந்து குடு." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எதிர்ப்பு வேறு இல்லை. கோல் இலாரியோனின் கைக்கு வந்தது. அந்த மாதமே அவர் வரப்பை அளந்தார். ஒரு முழம் புருதென்சியோவின் பக்கம் போனது.

இலாரியோன் அந்த ஓராண்டையும் முடித்து, பின்பு ஆறு ஆண்டுகள் மீன்பிடித்து வாழ்ந்து, நெஞ்சடைத்து இறந்தார். திரும்பப்பெறும் அறிவிப்பில் இன்றும் அவர் "ஒருவர்"தான். என் பெட்டியிலுள்ள அறுபத்தொரு நகல்களிலும் "இல்லை" என்பதை ஒரே கோடாக அடித்து, அது படிக்கக் கிடைக்கும்படி விட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் "உவர்மண், ஒரு கட்டி, இலாரியோன் தர்க்கியின் கையால், முந்தைய நாள் அந்தி" என்று எழுதித் தேதியும் என் கையெழுத்தும் இட்டிருக்கிறேன்.

ஊர் லாமாக்களுக்கு ஆண்டுக்கொருமுறை தடுப்பூசி போடும் நாளில் தாள் எழுதுவது இப்போதும் நான்தான். அரசு அனுப்பும் தாளில் ஏழு கட்டங்கள். எட்டாவதை நான் அளவுகோல் வைத்து வரைகிறேன். அதன் தலைப்பு "கொடுத்தது." அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை ஊசி போடுபவர் காத்திருக்கிறார்.